சிவப்புத் திரையும் நான் எழுதாமல் விட்ட காரணமும்

மருத்துவமனையில் உங்கள் கணினிப் பிரிவின் தலைவர் போன மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கணினித் திரையில் வரும் போலிப் பாதுகாப்பு எச்சரிக்கையில் சிக்கியவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தலைப்பு. அந்த ஒரு பக்கத்துக்கான விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

திரை திடீரென்று சிவப்பாக மாறும். சைரன் அலறும். உங்கள் கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் மிரட்டும். பெரிய கம்பெனி ஒன்றின் சின்னம்கூட இருக்கும். அத்தனையும் வெறும் வலைப்பக்கம். அந்த நிமிடம் வரை கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தை மூடச் சொல்லுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே அணைக்கச் சொல்லுங்கள். சிக்கியவர் அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளையும் ஏற்றிவிட்டார் என்றால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். சைபர் போலீசில் புகார் கொடுங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று பிறகு யாராவது அழைத்தால், அவர்களும் அதே கூட்டம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. ஆனால் சிக்கியவர் நம்மிடம் வந்து சொன்னால்தான் அந்த ஒரு மணி நேரமே தொடங்கும். என் பணிக்காலத்தில் ஒருவர் மூன்றரை நாள் என்னிடம் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பதை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். உங்கள் தலைவர் கேட்டது இதுவல்ல, பொறுத்துக்கொள்வார்.

நம் மருத்துவமனையின் பதிவு கவுன்டரில் ஃபிலோமினா என்று ஒருவர் இருந்தார். ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவார். கவுன்டரில் எல்லோருக்கும் அவர் ஃபிலோக்கா. நான் மட்டும் மேடம் என்பேன். கோலார் பக்கத்திலிருந்து வரும் வயதான பெண்களைப் பார்த்ததும் "பன்னி அஜ்ஜி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொல்வார். அதே மூச்சில், பின்னால் நிற்பவரிடம் "டோக்கன் எடுத்தீங்களா?" என்று தமிழில் கேட்பார். ஒருமுறை வந்துபோன நோயாளியின் முகம் அவருக்கு மறக்காது. "உங்க மருமகளுக்குக் குழந்தை பொறந்தாச்சா?" என்று அவர் கேட்டதும், வலியோடு வரிசையில் நிற்பவர் சிரிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவர்கள் மாறினார்கள், கட்டிடம் மாறியது, கவுன்டரில் அவர் மாறவில்லை.

அந்த வருடம் ஊழியர்களுக்குக் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லி நிர்வாகம் என்னிடம் சொல்லியிருந்தது. எனக்கு உற்சாகம். மாடியில் ஒரு மூலை அறையில் உட்கார்ந்து, பிரிண்டர் ஓடவில்லை, மவுஸ் நகரவில்லை என்ற புகார்களையே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக ஒரு மேடை கிடைத்தது. சோதனைக்காக எல்லோருக்கும் ஒரு போலி மெயில் அனுப்பினேன். 'தீபாவளி இனிப்புப் பெட்டி வேண்டுவோர் இங்கே அழுத்திப் பெயரைப் பதியவும்' என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் அழுத்தினார்கள். முதலில் அழுத்தியவர் ஃபிலோமினா. வருகிற மெயிலை உடனே திறந்து, உடனே பதில் போடுவதுதான் அவர் வேலையே. அந்த யோசனை எனக்கு அன்று வரவில்லை.

அடுத்த வாரம் பயிற்சிக் கூட்டம். மருத்துவர்கள், நர்சுகள், அலுவலகத்தார் எல்லோரும் அரங்கத்தில் இருந்தார்கள். பெரிய திரையில் ஒரு மீன் படம் போட்டேன். அதன் முகத்தில் ஃபிலோமினாவின் அடையாள அட்டைப் புகைப்படம். கீழே 'வலையில் விழுந்த முதல் மீன்' என்ற வரி. முந்தின நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தப் படத்தை ஒட்டியிருந்தேன். அரங்கமே சிரித்தது. நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவரும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததால், அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். நிர்வாக அதிகாரி வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

பிறகு பல வாரங்கள், அவர் கேன்டீனுக்குள் வந்தால் யாராவது ஒருவர் "மீன் வந்துடுச்சு" என்பார். என் காதிலும் அது விழுந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், என் பயிற்சி எல்லோருக்கும் நினைவில் நிற்கிறதே என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. கவுன்டரில் நல்ல கூட்டம். ஒரு நோயாளியின் மகன், அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் விண்ணப்பம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். அது ஃபிலோமினாவின் வேலை இல்லை. ஆனாலும் இணையத்தில் தேடியிருக்கிறார். தேடலில் மேலே வந்த விளம்பரத்தை அழுத்தியதும் திரை சிவப்பாகிவிட்டது. சைரன் கத்தியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மருத்துவமனையின் தகவல்கள் திருடப்படுகின்றன என்று குரல் சொன்னது. அவர் ஒலியைக் குறைத்துவிட்டு, திரையிலிருந்த எண்ணைத் தன் கைப்பேசியில் அழைத்தார்.

மேசையில் என் அறையின் இன்டர்காம் எண்ணும் ஒட்டியிருந்தது. மூன்றே இலக்கம்.

எதிர்முனையில் பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசியிருக்கிறான். இந்தியும் ஆங்கிலமும் கலந்து, மேடம், மேடம் என்று. ஒரு மென்பொருளை ஏற்றச் சொன்னான். ஏற்றினார். அதன் வழியாக அவரது திரையை அவன் அங்கிருந்தே பார்த்தான். மவுஸை அங்கிருந்தே நகர்த்தினான். எந்தக் கணினியிலும் சாதாரணமாக இருக்கும் பிழைப் பட்டியலைத் திறந்து காட்டி, பாருங்கள், எவ்வளவு சேதம் என்றான். அடுத்து அவன் கேட்டதுதான் முக்கியம். உங்கள் அலுவலகத்தில் கணினிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார். அவர்களுக்குத் தெரிந்தால் உங்கள் மேல்தான் பழி விழும், வேலை போகும், நாங்களே சத்தமில்லாமல் சரிசெய்து தருகிறோம், கணினியை மட்டும் அணைக்காதீர்கள் என்றான்.

அவன் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காயத்தை உண்டாக்கியவன் நான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருந்தான். மெயில் கடவுச்சொல்லை வாங்கினான். பிறகு குரல் மாறியது. உங்கள் கணினியிலிருந்து குற்றம் நடந்திருக்கிறது, போலீஸ் வரும் என்றான். அவர் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போனது. எவ்வளவு என்று அவர் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனையும் நடக்கும்போது அவர் கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நேர் மேலே, ஒரு மாடி உயரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை மதியம், அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த ஷாஹிதா என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"சார், கீழ வாங்க. ஃபிலோக்கா கை ரெண்டும் மடியில இருக்கு. மவுஸ் அதுபாட்டுக்கு ஓடுது."

ஓடினேன். முதலில் இணைப்புக் கேபிளைப் பிடுங்கினேன். அது சரியான காரியம். அடுத்து நான் செய்தது சரியில்லை. இருபது முப்பது நோயாளிகள் வரிசையில் நிற்க, உரத்த குரலில் கேட்டேன்.

"யாரைக் கேட்டு மேடம் இதையெல்லாம் இன்ஸ்டால் பண்ணீங்க?"

அவர் எழுந்து நின்றார். "சார், மெதுவா. பேஷண்ட்ஸ் இருக்காங்க" என்றார்.

மாடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அழவில்லை. வரிசையாக, தேதியும் நேரமுமாக, ஒரு நோயாளியின் விவரத்தைப் பதிவதுபோலச் சொன்னார். பிறகு தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேஷண்ட் லிஸ்ட் மட்டும் அவனுக்குக் காட்டல சார். மூணு நாளா கேட்டான். நான் நம்ம பேஷண்ட் சாஃப்ட்வேரைத் தொறக்கவே இல்ல. சிஸ்டம் ஸ்லோன்னு சொல்லிட்டு எல்லாரையும் இந்த நோட்டுல எழுதினேன். ஷாஹிதா சாப்பிடப் போறப்ப அவ மிஷின்ல ஏத்தினேன்."

நோட்டைப் புரட்டினேன். பெயர், வயது, ஊர், எந்த மருத்துவர் என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து. ஓர் எழுத்தும் கோணவில்லை. தன் மெயிலையும் தன் வங்கிக் கணக்கையும் அவனுக்குத் திறந்துவிட்ட அந்தப் பெண்மணி, நோயாளிகளின் பெயர்களை மட்டும் அவன் கண்ணில் படாமல் மடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு கணினிப் பதிவுகளைச் சரிபார்த்தபோது அது உண்மை என்று தெரிந்தது. திங்கள் காலை பதினொரு மணிக்குப் பிறகு அவருடைய கணினியில் நோயாளிப் பதிவேடு திறக்கப்படவே இல்லை.

"இவ்வளவும் பண்ணத் தெரிஞ்ச நீங்க முதல் நாளே என்கிட்ட வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "வந்தா மறுபடியும் ஸ்க்ரீன்ல போடுவீங்க சார்."

"அது வேற விஷயம் மேடம்" என்றேன்.

அடுத்த நாள் நிர்வாக அதிகாரி அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதில் இரண்டு வரிகளை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். ஒன்று, 'மேற்படி ஊழியர் சம்பவத்தை மூன்றரை நாட்கள் மறைத்தார்.' இன்னொன்று, 'நோயாளிகளின் விவரங்கள் பாதிக்கப்படவில்லை.' பழி வரும் இடத்தில் அவர் இருக்கிறார். பெருமை வரும் இடத்தில் யாருமே இல்லை. விவரங்கள் தாமாகவே தப்பித்துக்கொண்டதுபோல எழுதியிருக்கிறேன். நோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதும்போதே எனக்கு அது தெரிந்தது. நோட்டைப் பற்றி எழுதினால், இவ்வளவு பொறுப்பானவர் ஏன் உங்களிடம் வரவில்லை என்ற கேள்வி வரும் என்று பயந்தேன்.

எழுதாமல் விட்டும் கேள்வி வந்தது. அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷ சர்வீஸ். ஏன் மறைச்சாங்க?"

"பயம் போல இருக்கு சார்."

"யாரைப் பார்த்துப் பயம்?"

வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லியிருக்கலாம். மீன் படத்தைச் சொல்லியிருக்கலாம். அவரும்தான் அன்று அரங்கத்தில் இருந்து சிரித்தவர், உடனே புரிந்திருக்கும்.

"தெரியல சார்" என்றேன்.

என் முப்பது வருட வேலையில் கணினிகள் பலமுறை படுத்திருக்கின்றன. சர்வர் நின்று மருத்துவமனையே தடுமாறிய நாட்கள் உண்டு. அவை எல்லாம் எனக்கு மறந்துவிட்டன. அந்த இரண்டு சொற்கள் மறக்கவில்லை.

ஃபிலோமினாவைக் கவுன்டரிலிருந்து எடுத்தார்கள். சந்தாபுராவில் அப்போது நமக்கு ஒரு கிளை இருந்தது. அங்கே பழைய கோப்பு அறையில் போட்டார்கள். நடந்து வேலைக்கு வந்தவர், இரண்டு பஸ் மாறி, ஓசூர் ரோடு நெரிசலில் தினமும் போய்வந்தார். அந்த அறையில் பேசுவதற்கு நோயாளிகள் இல்லை. எட்டு மாதம் கழித்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும் அல்லவா? என்னிடமும் வந்தார். 'கணினிப் பிரிவுக்குத் தர வேண்டியது ஏதும் இல்லை' என்ற வரிக்கு எதிரே நான் கையெழுத்திட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. "தேங்க்ஸ் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு நான் சில காரியங்களை மாற்றினேன். சோதனை மெயிலில் விழுந்தவர்களின் பெயர் வெளியே வரக் கூடாது என்றேன். வந்து சொல்பவரிடம் நம் ஆட்கள் முதலில் சொல்ல வேண்டியது "நல்லவேளை உடனே சொன்னீங்க" என்பதுதான் என்று பழக்கினேன். இன்றும் உங்கள் அறையில் அது ஒட்டியிருக்கும். அடுத்த வருடமே மருந்தகத்தில் இருந்த ஒருவருக்கு அதே சிவப்புத் திரை வந்தது. அவரும் அந்த எண்ணை அழைத்துவிட்டார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்து, இன்டர்காமில் எங்களைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒன்றும் போகவில்லை. என்னைப் பாராட்டினார்கள். ஏன் இந்த மாற்றம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவரைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டதை என் சொந்த யோசனை போல வைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு தொம்மலூர் வீட்டில் ஒரு முற்பகல். ரயில் நேரம் பார்ப்பதற்காகக் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். எதையோ அழுத்தினேன். திரை சிவப்பாகிவிட்டது. சைரன். அதே குரல்.

இந்த மோசடியைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்! அது வெறும் வலைப்பக்கம் என்று என் மூளைக்குத் தெரியும். ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது. சேமிப்பு, பென்ஷன், பேத்தியின் புகைப்படங்கள் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துபோயின. அடுத்து நான் உணர்ந்தபோது கைப்பேசி என் கையில் இருந்தது. அந்த எண்ணின் ஏழு இலக்கங்களை அழுத்தியிருந்தேன். சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மனைவி, "என்ன கர்மம் இது, இப்படிக் கத்துது?" என்று சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். சத்தம் நின்றது.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அந்த வாக்கியம் தொண்டையில் வந்து நின்றபோதுதான் எனக்கு ஃபிலோமினாவின் மூன்றரை நாள் முழுதாகப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து ஃபிலோமினா வீட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து ஜோகுபாளையம் போனேன். கதவைத் திறந்தவர் அவர் கணவர் அந்தோணி. ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரைச் சொன்னேன்.

"நீங்கதானா அந்த கம்ப்யூட்டர் சார்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"யாரு? வரச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முன்னறையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் லேப்டாப், பிரிண்டர். வேலையை விட்ட பிறகு, அக்கம்பக்கத்தவர்களுக்கு பென்ஷன் விண்ணப்பம், பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அவர்தான் இணையத்தில் நிரப்பித் தருகிறார் என்று தெரிந்துகொண்டேன். என்னிடம் பேசிய குரலில் கோபம் இல்லை. கவுன்டருக்கு முதல்முறை வருகிறவரிடம் பேசுவாரே, அந்தக் குரல்.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நம்பர் போட்டீங்களா சார்?"

"ஏழு நம்பர் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்காரி வந்து ப்ளக்கைப் புடுங்கிட்டா."

லேசாகச் சிரித்தார். "பரவால்ல, உங்களுக்குப் பக்கத்துல ஆள் இருந்தாங்க."

பிறகு அவரே கேட்டார். "நான் ஏன் வந்து சொல்லலன்னு அப்ப யாராவது கேட்டாங்களா சார்?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்."

அந்தோணி எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். ஃபிலோமினா மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"ரிப்போர்ட்ல 'மறைத்தார்'னு எழுதியிருந்தீங்க. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் குடுக்கறப்ப காட்டினாங்க. ஒண்ணு கேக்கறேன் சார். ஷாஹிதாவை மேல உங்ககிட்ட அனுப்பினது யாருன்னு நினைச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நான்தான் அனுப்பினேன். எனக்கு மேல ஏற கால் வரல. மவுஸ் தன்னால ஓடுதுன்னு மட்டும் சார்கிட்டப் போய்ச் சொல்லு, மத்ததை நான் சொல்லிக்கறேன்னு அவகிட்டச் சொன்னேன். மறைச்சிருந்தா நீங்க கண்டே புடிச்சிருக்க மாட்டீங்க."

நான் அதை ஷாஹிதாவிடமும் கேட்கவில்லை. இவரிடமும் கேட்கவில்லை. யார் சொல்லித் தெரிந்தது என்ற சாதாரணக் கேள்வியைக்கூடக் கேட்காமல் இரண்டு பக்க அறிக்கை எழுதியிருக்கிறேன்.

"என்னை மன்னிச்சுடுங்க மேடம்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகும்? ஃபைல்ல நான் மறைச்சவளாத்தானே இருக்கேன்?"

வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன். மூன்று நாள் ஆயிற்று. மீன் படம், கேன்டீன் பேச்சு, நோட்டு, ஷாஹிதாவை அனுப்பியது, 'தெரியல சார்' எல்லாவற்றையும் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்று. அந்தோணிக்கும் புரியட்டும் என்று தமிழில் ஒன்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நிர்வாக அதிகாரி புதியவர்.

"சார், இது எப்பவோ முடிஞ்ச விஷயம். அவங்களும் வேலைல இல்ல, நீங்களும் ரிடையர்ட். இப்ப எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்க?" என்றார்.

"அவங்க ஃபைல்ல இதைச் சேர்த்து, சீல் வச்ச காப்பி ஒண்ணு குடுத்தீங்கன்னா போயிடறேன்" என்றேன். காலையிலிருந்து மதியம் வரை அவர் அறைக்கு வெளியே, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சேர்த்தார்கள். வேலையைத் திருப்பித் தர முடியாது. அந்த வயதை அவர் தாண்டிவிட்டார். போன பணமும் வரவில்லை. கோப்பில் கூடுதலாகச் சில பக்கங்கள் சேர்ந்தன, அவ்வளவுதான்.

நண்பர்களே, உங்களிடம் ஒருவர் நடுங்கிக்கொண்டு வருவார். முட்டாள்தனமான காரியம் செய்திருப்பார். உங்கள் வாயில் முதலில் ஒரு கேள்வி வரும். அதை விழுங்கிவிடுங்கள். அறிக்கை எழுதும்போது, உங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதற்குமேல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பிரதிகளை எடுத்துக்கொண்டு மறுபடி ஜோகுபாளையம் போனேன். முன்னறையில் நாலைந்து பேர் விண்ணப்பங்களோடு காத்திருந்தார்கள். ஃபிலோமினா என் கையிலிருந்த தாள்களை வாங்கி, அவர்களை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தமிழ்ப் பிரதியை முதல் வரியிலிருந்து படித்தார். ஓர் இடத்தில் நின்றார். அந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"நோயாளிகளின் விவரங்களைக் காப்பாற்றியவர் ஃபிலோமினா."

உள்ளறையிலிருந்து அந்தோணியின் குரல் வந்தது. "என்ன எழுதியிருக்கு? இன்னொரு தரம் படி."

அவர் இன்னொரு முறை, இந்தத் தடவை சற்று உரக்கப் படித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.